பங்குச்சந்தையில் வர்த்தகம் செய்வது சூதாட்டமா?

தினமும் ஆப்ஷன் (குறித்த நாளுக்குள் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தம்) வாங்கி விற்பதாகவும், அது சூதாட்டம்தான் என்று மாமனார் சொல்வதால் வீட்டில் பேச்சு வளர்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவர் சொல்வது சரியா என்று கேட்கிறீர்கள். நீங்கள் செய்வதைப் பொறுத்தவரை சரி. பங்குச்சந்தை முழுவதையும் அப்படிச் சொன்னால் சரியில்லை. எனக்கு இந்த வித்தியாசம் புரிந்தது வெள்ளி வியாபாரத்தில். அதைச் சொல்லிவிட்டு உங்கள் விஷயத்துக்கு வருகிறேன்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. வெளியூர் நகைக்கடைக்காரர் 12 கிலோ கொலுசு கேட்பார். அன்றைய வெள்ளி விலைக்கே பேசி முடித்துவிடுவார், சரக்கு போவது இருபது நாள் கழித்து. அதற்குள் வெள்ளி கிலோவுக்கு 4,000 ரூபாய் ஏறிவிட்டால் 48,000 ரூபாய் அப்பாவின் கையை விட்டுப் போகும். கொலுசுக் கூலியில் நிற்கும் லாபம் அதைத் தாங்காது. அதனால் ஆர்டர் முடிந்த அன்றே அப்பா வெள்ளி வாங்கிவிடுவார். கையில் அவ்வளவு பணம் புரளாத நாளில், எம்சிஎக்ஸ் என்ற பொருள் சந்தையில், பின்னொரு தேதிக்கான வெள்ளியை இன்றைக்கே விலை பேசும் ஒப்பந்தங்களை, 5 கிலோ மினி இரண்டு, 1 கிலோ மைக்ரோ இரண்டு என்று 12 கிலோவுக்குக் கணக்காக வாங்கி வைப்பார். வெள்ளி ஏறினால் பட்டறையில் போகிற பணம் அங்கே வரும். இறங்கினால் அங்கே போகிற பணம் பட்டறையில் மிச்சமாகும். கட்டி வெள்ளி வாங்கிய அன்றே அந்தக் கணக்கையும் முடித்துவிடுவார்.

அந்தக் கணக்கை போனில் இயக்கியது நான். எம்சிஎக்ஸ் இரவு பதினொன்றரை வரை நடக்கும். 2021இல் ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தவன், வெள்ளி ஏறும் என்று தோன்றியதால் மூன்று மினி வாங்கிவிட்டேன். 15 கிலோ. இரண்டு நாளில் கிலோவுக்கு 3,000 இறங்கியது, 45,000 ரூபாய் போனது. காலையில் நோட்டைப் புரட்டிய அப்பா திட்டவில்லை. "யாருக்குடா இந்த வெள்ளி? எந்த ஆர்டர்?" என்று கேட்டார்.

"ஆர்டர் இல்லப்பா. ஏறும்னு தோணுச்சு."

உங்கள் கேள்விக்கு நான் தரும் பதில் அப்பாவின் அந்தக் கேள்விதான். இரண்டு பேரும் வாங்கியது ஒரே ஒப்பந்தம், ஒரே போனில். அப்பாவுக்கு ஆபத்து ஏற்கெனவே வீட்டுக்குள் இருந்தது, அதை வெளியே தள்ள வாங்கினார். எனக்கு ஒரு ஆபத்தும் இல்லை. தெருவில் போனதைக் கூப்பிட்டு வீட்டுக்குள் உட்கார வைத்தேன். அதற்குத்தான் சூதாட்டம் என்று பெயர்.

அப்புறமும் எனக்குப் புத்தி வரவில்லை. 45,000 ரூபாயைத் திரும்ப எடுக்க நிஃப்டி (பெரிய கம்பெனிப் பங்குகளின் குறியீட்டு எண்) ஆப்ஷனுக்குப் போனேன். 2022இல் வாராந்திர எக்ஸ்பைரி, அதாவது ஒப்பந்தம் முடியும் நாள், வியாழக்கிழமை. ஒரு லாட் என்ற கட்டுக்கு 50 எண்ணம். முதல் வியாழன் 22 ரூபாய்க்குப் பத்து லாட் கால் (நிஃப்டி ஏறினால் லாபம் தரும் ஆப்ஷன்) வாங்கினேன், 11,000 ரூபாய். ஒரு மணி நேரத்துக்குள் அது 61 ஆனது, விற்றேன். 19,500 ரூபாய் லாபம். பற்றவைப்பு வேலை செய்யும் அக்கா அப்போது எனக்கு மூன்றடி தள்ளி, குனிந்த தலை நிமிராமல் ஊதுகுழாயோடு உட்கார்ந்திருந்தார். அவர் ஒரு வாரம் முழுக்க வாங்கும் கூலியைவிட அது பல மடங்கு. அன்றைக்கு அந்த 11,000 போயிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

மற்ற வியாழக்கிழமைகள் வேறு மாதிரி. மதியம் 2 மணிக்கு 18 ரூபாயில் இருப்பது 2.40 மணிக்கு 9, மூன்று மணிக்கு 3. பிறகு 0.40, 0.15, கடைசியில் 0.05. அதற்குக் கீழே விலை கிடையாது. 3.30 வரை அந்த ஐந்து பைசாவையே பார்த்துக்கொண்டிருப்பேன். சின்ன வயதில் எங்கள் தெருவில், சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு லாட்டரிக் கடை வாசலில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். 2003இல் தமிழக அரசு லாட்டரியைத் தடை செய்தது. அவர்கள் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வியாழக்கிழமை மூன்று மணிக்கு என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

ஆப்ஷனில் எனக்கு வரும் ஒரு ரூபாய் இன்னொருவர் பையிலிருந்துதான் வரவேண்டும். இடையில் புரோக்கர் கட்டணம், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், எஸ்டிடி என்ற பரிவர்த்தனை வரி, ஜிஎஸ்டி எல்லாம் எடுத்த பிறகுதான் மிச்சம் ஜெயித்தவருக்கு. சீட்டாட்டக் கிளப்பில் யார் ஜெயித்தாலும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மேசைக்காரர் எடுப்பது போலத்தான் இது. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் படித்துப் பாருங்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று ஆண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர், ஆப்ஷன் ஒப்பந்தங்கள்) செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கு மேல். அதில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம், ஆளுக்குச் சராசரியாக 2 லட்சம். மொத்தம் 1.8 லட்சம் கோடிக்கு மேல். கட்டணமெல்லாம் போக ஒரு லட்சத்துக்கு மேல் சம்பாதித்தவர்கள் ஒரு சதவீதம் பேர்தான். எதிர்ப்பக்கம் லாபம் எடுத்த பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் கணினி நிரல் வைத்து வியாபாரம் செய்பவை. நானோ ஒரு கையில் டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தேன். என்னை மிகவும் உலுக்கியது வேறொரு வரி: தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் 75 சதவீதத்துக்கும் மேலானவர்கள் விடாமல் ஆடியிருக்கிறார்கள். நானும் 14 மாதம் ஆடினேன்.

சட்டம் இதைச் சூதாட்டம் என்று சொல்லவில்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான். பங்கை அன்றே வாங்கி அன்றே விற்றால் வருமான வரிக் கணக்கில் அது ஊக வணிகம், எக்ஸ்சேஞ்சில் செய்யும் ஆப்ஷன் சாதாரண வணிக வருமானம். வரி கட்ட அந்தப் பிரிவு போதும். வீட்டுக் கணக்குக்குப் போதாது.

பங்கை வாங்கி வைத்திருப்பது வேறு கதை. அங்கே கம்பெனி என்று ஒன்று உண்டு, அது எதையோ செய்து விற்கிறது, லாபம் வந்தால் அதில் ஒரு பங்கை டிவிடெண்டாகத் தருகிறது. யாரும் தோற்காமலே பங்கு வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் பணம் வர வழி இருக்கிறது. அதற்காக ஆபத்து இல்லை என்று அர்த்தம் இல்லை. 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட மும்பை பங்குச்சந்தைக் குறியீடு சென்செக்ஸ் அக்டோபரில் 8,000க்குக் கீழே போய் வந்தது. கடன் வாங்கிப் பங்கு வாங்கியவர்களால் அதைத் தாண்டிக் காத்திருக்க முடியவில்லை.

"எல்லாத்துலயும்தான் ரிஸ்க் இருக்கு, விவசாயமே சூதாட்டம்தானே" என்று ஒரு வாதம் உண்டு. நானும் சொல்லியிருக்கிறேன், சித்தப்பாவிடமே. ஏற்காட்டில் அவருக்கு நாலு ஏக்கர் காப்பித் தோட்டம். மார்ச், ஏப்ரலில் செடி பூக்க வைக்கும் பூ மழை தவறினால் அந்த வருட விளைச்சல் போச்சு. அதற்காகத்தான் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக்கில் மிளகுக் கொடி ஏற்றி வைத்திருக்கிறார், ஒன்று போனாலும் ஒன்று கைகொடுக்கும் என்று. மழைக்காக அவர் காத்திருப்பது உண்மை. ஆனால் காத்திருக்கும்போதும் செடி நிற்கிறது, அவர் கவாத்து பண்ணுகிறார், பழம் வருகிறது. என் 0.05இலிருந்து எதுவும் முளைக்கவில்லை.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், தயவுசெய்து செய்யுங்கள். புரோக்கர் ஆப்பில் வருடாந்திர லாப நஷ்ட அறிக்கை இருக்கும். கட்டணங்களைக் கழித்த நிகரத் தொகையைப் பாருங்கள். நீங்கள் ஆடிய ஒவ்வொரு வருடத்துக்கும் எடுத்து மாமனார் கையில் கொடுங்கள். நான் 2023 ஏப்ரலில் அப்பாவிடம் கொடுத்தேன். 4,15,000 ரூபாய் நஷ்டம். அதில் 2 லட்சம், செயின் மெஷின் வாங்க எடுத்த ஏலச்சீட்டுப் பணம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். சீட்டுக்கு இன்னும் எத்தனை தவணை பாக்கி என்று மட்டும் கேட்டார். பதினொன்று என்றேன்.