தேக்கு அலமாரியில் பெயிண்ட் ஏன் நிற்கவில்லை?

ரங்கூனில் பழைய சாமான் கடையில் வாங்கிய தேக்கு அலமாரிக்கு இரண்டு கோட் வெள்ளை பெயிண்ட் அடித்தும் மஞ்சள் கறை மேலே வருகிறது, நகம் பட்டால் உரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். பெயிண்ட் மேல் தப்பில்லை. தேக்கில் இயற்கையாகவே எண்ணெய் உண்டு; அதன்மேல் தண்ணீர் பெயிண்டை நேராக அடித்தால் பிடிக்காது. மூன்றாவது கோட் அடிக்காதீர்கள், அதுவும் சேர்ந்து உரியும்.

உரிவதையெல்லாம் சுரண்டிவிட்டு 120 நம்பர் உப்புத்தாள் போடுங்கள். அடியில் பழங்காலத்துப் பெயிண்ட் தெரிந்தால் தண்ணீர் தாளாக (தண்ணீரில் கெடாத உப்புத்தாள்) வாங்கி நனைத்துத் தேயுங்கள். அந்தப் பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம், பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம். அப்புறம் ஜன்னலைத் திறந்து வைத்து, வெள்ளைத் துணியைத் தின்னரில் நனைத்துத் துடையுங்கள். முதலில் துணி பழுப்பாக வரும், அதுதான் எண்ணெய். துணி சுத்தமாக வரும்வரை விடாதீர்கள். காய்ந்ததும் அன்றைக்கே, பெயிண்டுக்கு அடியில் பூசும் அரக்கு பிரைமர் ஒரு கோட். மறுநாளைக்குத் தள்ளினால் எண்ணெய் திரும்ப மேலே வந்துவிடும். கறையை அடைப்பதும் இந்தப் பிரைமர்தான்.

மழைக்காலமாக இருந்தால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நாள் முழுக்க விடுங்கள். நான் அவசரப்பட்டு மாலையே கதவைச் சாத்திவிட்டு, மறுநாள் கத்தியை நுழைத்துத்தான் திறந்தேன்.

உள் தட்டுகளுக்குப் பெயிண்டே வேண்டாம். அசல் தேக்கு, சும்மா துடைத்து வையுங்கள்.