பிளேக் நோயும் எல்.கே.ஜி. பாட்டும்

கேள்வி: என் மகள் எல்.கே.ஜி. படிக்கிறாள். 'ரிங்கா ரிங்கா ரோசஸ்' பாட்டு, 1665இல் லண்டனில் பிளேக் வந்து மக்கள் கொத்துக் கொத்தாகச் செத்ததைப் பற்றியது என்று வாட்ஸ்அப்பில் படித்தேன். சாவுப் பாட்டையா பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம்? பள்ளியில் பேசி நிறுத்தச் சொல்லலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்த வேண்டியது பாட்டை அல்ல, அந்த வாட்ஸ்அப் குழுவை.

எனக்கும் அந்தச் செய்தி வந்தது. ரோசா வளையம் என்றால் தோலில் வரும் சிவப்புத் தடிப்பாம். பையில் பூங்கொத்து, கெட்ட காற்றை விரட்டவாம். அப்புறம் தும்மல், கடைசியில் விழுந்து சாவு. பத்துப் பொருத்தமும் பார்த்து எழுதியிருக்கிறார்கள். ஜாதகத்தில் பிறந்த தேதிதான் இடிக்கிறது.

ஆங்கிலத்தில் இந்தப் பாட்டு, இப்போது பாடும் வடிவை ஒட்டி, முதன்முதலில் அச்சானது 1881இல், கேட் கிரீனவே என்ற ஓவியர் வெளியிட்ட குழந்தைப் பாடல் புத்தகத்தில். பிளேக்குக்கும் அதற்கும் இடையே 216 ஆண்டுகள். வாய்மொழியாகவே வந்திருக்கலாமே என்பீர்கள். சரி, ஒரு பேச்சுக்கு அப்படியே வைத்துக்கொள்வோம். அந்தப் பிளேக் காலத்தில் சாமுவேல் பீப்ஸ் என்ற அரசு அதிகாரி லண்டனில் உட்கார்ந்து டைரி எழுதிக்கொண்டிருந்தார். தின்றதையும் மனைவியோடு போட்ட சண்டையையும்கூட விடாமல் எழுதுகிற ஆள். 1665 ஜூனில் ட்ரூரி லேன் தெருவில் வீட்டுக் கதவுகளில் சிவப்புச் சிலுவை போட்டிருந்ததைப் பார்த்துப் பயந்துபோய், முகர்ந்து பார்க்கவும் மெல்லவும் புகையிலை வாங்கியதாக எழுதுகிறார். பிள்ளைகள் கைகோத்துச் சுற்றிப் பாடியதாக ஒரு வரி கிடையாது.

தும்மலுக்கு வருவோம். அந்தப் பிளேக்கின் அடையாளம் தொடை இடுக்கிலும் அக்குளிலும் நெறி கட்டுவது, தும்மல் அல்ல. 1881 புத்தகத்திலும் தும்மல் இல்லை, 'ஹஷ் ஹஷ்' என்றுதான் இருக்கிறது. நம் பிள்ளைகளின் 'ஹஷா புஷா' அதற்குத்தான் கிட்டத்தில் வருகிறது. அமெரிக்காவில் 'ஆஷஸ்', அதாவது சாம்பல் என்று பாடுவார்கள். உடனே அங்கே பிணம் எரித்த சாம்பல் என்று ஒரு விளக்கம். லண்டனில் செத்தவர்களைக் குழி வெட்டிப் புதைத்தார்கள் ஐயா, எரிக்கவில்லை!

இந்தக் கதை பரவியதே இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். சிறுவர் பாடல்களையும் விளையாட்டுகளையும் ஆயுள் முழுக்கத் தேடித் தொகுத்த ஐயோனா, பீட்டர் ஓபி தம்பதி இதை ஏற்கவில்லை. பாட்டுக்கு அர்த்தம் இருந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிப்பது பிள்ளைகள் அல்ல, நாம்தான். அவர்களுக்குச் சுற்றவும் தொப்பென்று விழவும் ஒரு சாக்கு போதும்.

'ஜாக் அண்ட் ஜில்' கதையும் இதே ரகம். ஜாக் என்பது தலை வெட்டப்பட்ட பிரெஞ்சு மன்னன் பதினாறாம் லூயி என்பார்கள். தலை போனது 1793இல். பாட்டு அதற்கு முன்பே லண்டனில் அச்சாகிவிட்டது.

நிஜமாகவே பூர்விகம் தெரிந்த பாட்டு வேண்டுமா? 'மேரி ஹேட் எ லிட்டில் லேம்ப்' இருக்கிறது. எழுதியவர் சாரா ஜோசபா ஹேல், அமெரிக்கர். 1830இல் பாஸ்டனில் அச்சானது. 1877இல் எடிசன் தன் ஒலிப்பதிவுக் கருவியைச் சோதிக்கச் சொல்லிப் பார்த்ததும் இந்தப் பாட்டைத்தான். ஆனால் இதை யாரும் உங்களுக்கு ஃபார்வர்டு செய்ய மாட்டார்கள். ஒருவரும் சாகவில்லையே!