அமெரிக்காவில் எஸ்எஸ்டிஐ (ஊனமுற்றோருக்கான அரசு உதவித்தொகை) வாங்கும் தம்பி வேலைக்குப் போனால் பணமும் மெடிகேரும் (அரசு மருத்துவக் காப்பீடு) நின்றுவிடுமா? 'டிக்கெட் டு வொர்க்' என்ற வேலைவாய்ப்பு உதவித் திட்டத்தில் சேரலாமா?

நீங்கள் கொடுத்த விவரப்படி தம்பிக்கு மாதம் 1,400 டாலர் எஸ்எஸ்டிஐ வருகிறது. இப்போது 1,900 டாலர் சம்பளத்தில் பகுதி நேர வேலை கிடைத்திருக்கிறது. வேலையில் சேர்ந்த உடனே எதுவும் நிற்காது. டிக்கெட்டைப் பற்றிப் பேசுமுன் மாதக் கணக்கைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் எல்லாரும் இடறுவது அங்கேதான். கீழே சொல்லும் தொகைகள் 2025க்கு உரியவை. ஜனவரிதோறும் மாறும், அந்தந்த ஆண்டுத் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் வருவது 'டிரையல் வொர்க் பீரியட்', அதாவது வேலை செய்து பார்க்கும் சோதனைக் காலம். வரிப் பிடித்தத்துக்கு முந்தைய சம்பளம் 1,160 டாலரைத் தாண்டும் ஒவ்வொரு மாதமும் இதில் ஒன்றாக எண்ணப்படும். இப்படி ஒன்பது மாதம் உண்டு. அந்த ஒன்பதிலும் சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் உதவித்தொகை முழுதாக வரும். மாதங்கள் அடுத்தடுத்து இருக்க வேண்டியதில்லை, 60 மாதத்துக்குள் ஒன்பது சேர்ந்தால் போதும். சிக்கலும் இதில்தான் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன் கடையில் நான்கு மாதம் வேலை பார்த்திருந்தால் அந்த நான்கும் கழிந்துபோயிருக்கலாம், தம்பிக்கு மிச்சம் ஐந்துதான். சொந்தத் தொழில் என்றால் மாதம் 80 மணி நேரத்துக்கு மேல் உழைத்தாலே கணக்கில் ஏறும், லாபம் வந்ததா என்று பார்க்க மாட்டார்கள். ஆகவே வேலையில் கையெழுத்துப் போடுமுன் உதவித்தொகை தரும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் 'பிபிக்யூஒய்' என்ற உதவித்தொகை விவர அறிக்கை கேளுங்கள். எத்தனை டிரையல் மாதம் செலவாகியிருக்கிறது என்று அதில் இருக்கும்.

ஒன்பதும் முடிந்ததும் 36 மாத நீட்டிப்புக் காலம் தொடங்கும். இங்கே மாதச் சம்பள வரம்பு வேறு: எஸ்ஜிஏ என்பார்கள், 1,620 டாலர், பார்வையற்றவர்களுக்கு 2,700. அதை முதன்முதலாகத் தாண்டும் மாதத்துக்கும் அடுத்த இரண்டு மாதங்களுக்கும் பணம் உண்டு. பிறகு தாண்டுகிற மாதத்துக்குக் கிடையாது, தாண்டாத மாதத்துக்கு உண்டு. இந்த 36 மாதத்துக்குள் வேலை போனாலோ சம்பளம் குறைந்தாலோ புதிய விண்ணப்பம் வேண்டாம், தெரிவித்தால் போதும்.

1,900 என்பது எஸ்ஜிஏவுக்கு மேல்தான். ஆனால் ஊனத்தின் காரணமாக, வேலைக்குப் போவதற்காகவே கைக்காசு போட்டுச் செய்யும் செலவைக் கழிக்கலாம்: இன்சூரன்ஸ் தராத மருந்துச் செலவு, சக்கர நாற்காலி பழுது, பேருந்தில் ஏற முடியாததால் பிடிக்கும் டாக்ஸி. மாதம் 300 டாலர் இப்படிப் போனால் கணக்கில் வருவது 1,600, வரம்புக்குள் வந்துவிட்டது. ரசீது இல்லாவிட்டால் இது செல்லாது. டிரையல் மாதம் எண்ணும்போதும் இந்தக் கழிவு கிடையாது.

இனி டிக்கெட். 1999இல் வந்த சட்டத்தின்படி நடக்கும் திட்டம் இது. 18 முதல் 64 வயது வரை எஸ்எஸ்டிஐ அல்லது எஸ்எஸ்ஐ (ஊனமுள்ள, வருமானமும் சேமிப்பும் குறைந்தவர்களுக்கான உதவித்தொகை) வாங்குவோருக்கு இலவசம், கட்டாயமில்லை. காகித டிக்கெட்டைத் தேடி அலைய வேண்டாம். தகுதியை அவர்களே கணினியில் சரிபார்ப்பார்கள். டிக்கெட்டை ஒரு 'எம்ப்ளாய்மெண்ட் நெட்வொர்க்' என்ற வேலைவாய்ப்பு உதவி அமைப்பிடமோ மாநில 'வொகேஷனல் ரிஹேபிலிடேஷன்' (தொழில் மறுவாழ்வு) துறையிடமோ கொடுக்கலாம், ஒரே சமயத்தில் இருவரிடமும் முடியாது. படிப்பு, பயிற்சி, உபகரணம் தேவைப்பட்டால் மாநிலத் துறை. வேலை தேட, வேலையில் நிலைக்க, சம்பள விவரம் அனுப்ப நெட்வொர்க். நீங்கள் வேலை பார்த்துச் சம்பாதித்தால் அவர்களுக்கு அரசு பணம் தரும், உங்களிடம் கட்டணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

தம்பிக்குத்தான் வேலை கிடைத்துவிட்டதே, பிறகு எதற்கு இது? மருத்துவ மறுஆய்வுக்காக. டிக்கெட் நடப்பில் இருக்கும்வரை 'இன்னும் ஊனம் இருக்கிறதா' என்ற ஆய்வைப் புதிதாகத் தொடங்க மாட்டார்கள். ஏற்கெனவே கடிதம் வந்திருந்தால் அது தொடரும், இப்போது டிக்கெட் கொடுத்துத் தப்ப முடியாது. சம்பளத்தைப் பற்றிய ஆய்வுக்கு இந்தப் பாதுகாப்பு எப்போதுமே இல்லை. வருடா வருடம் முன்னேற்றமும் காட்ட வேண்டும்: வேலை வழியில் போகிறவர் முதல் வருடத்தில் குறைந்தது மூன்று மாதம் டிரையல் அளவுக்குச் சம்பாதித்திருக்க வேண்டும். தம்பிக்கு அது பெரிய விஷயமில்லை.

மெடிகேர், டிரையல் காலம் முடிந்த பிறகும் குறைந்தது 93 மாதம் தொடரும். மெடிகேரில் மருத்துவர் கட்டணத்தைப் பார்த்துக்கொள்ளும் பார்ட் பியின் பிரீமியத்தை (2025இல் 185 டாலர்) இப்போது உதவித்தொகையிலேயே பிடித்துக்கொள்கிறார்கள். உதவித்தொகை நின்றதும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு பில் வரும். ஏதோ விளம்பரக் கடிதம் என்று தூக்கிப்போட்டு பார்ட் பியை இழப்பது நடக்கிறது.

எஸ்எஸ்ஐ என்றால் கணக்கே வேறு, டிரையல் மாதம் எல்லாம் இல்லை. வேறு வருமானம் இல்லாதவர் 885 டாலர் சம்பாதித்தால் அதில் 85 தள்ளி, மீதி 800இல் பாதி, அதாவது 400, குறைப்பார்கள். மாதம் 967 எஸ்எஸ்ஐ வந்தவருக்கு 567 வரும், சம்பளத்தோடு சேர்த்துக் கையில் மொத்தம் 1,452. தனி ஆளின் சேமிப்பு 2,000 டாலரைத் தாண்டக்கூடாது என்ற விதியையும் மறக்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், சம்பளத்தை மாதாமாதம் தெரிவிப்பது. வேலைக்குப் போவதால் வரும் நஷ்டத்தைவிடச் சொல்லாமல் போவதால் வரும் நஷ்டம் பெரிது. தெரிவிக்காவிட்டாலும் பணம் வங்கியில் விழுந்துகொண்டே இருக்கும், அவர்களுக்கு உடனே தெரியாது. வருடாந்தரச் சம்பளக் கணக்கைப் பொருத்திப் பார்க்கும்போது பத்துப் பன்னிரண்டு மாதப் பணத்தைத் திருப்பிக் கேட்டுக் கடிதம் வரும். ஃபோனில் சொன்னது சாட்சியாகாது. இணையக் கணக்கில் பதிவு செய்யுங்கள், அல்லது சம்பளச் சீட்டு நகலைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். ரசீது தர வேண்டியது அவர்கள் கடமை. அப்படியும் கடிதம் வந்துவிட்டால், தொகை தவறு என்றால் 60 நாளுக்குள் 561 படிவத்தில் மேல்முறையீடு. தொகை சரி, தவறு உங்களுடையதல்ல, திருப்பிக் கட்ட வசதியும் இல்லை என்றால் 632 படிவத்தில் தள்ளுபடி கேட்கலாம், அதற்குக் கெடு இல்லை.