நீர்த்துப் போகுதாம்!

கேள்வி: வெளிநாட்டுக் கோயில்கள்ல திதி, நட்சத்திரம் பாக்காம ஞாயித்துக்கிழமையா பாத்து தேர் இழுக்கறாங்க, அபிஷேகத்தை யூடியூப்ல லைவ் விடறாங்க. இதனால நம்ம பக்தி நீர்த்துப் போயிடாதா?

பதில்: நீருன்னதும் எனக்கு ஹம் ஞாபகம்தான் வருது சார். ஜெர்மனியில இருக்கற ஊரு. அங்க காமாட்சி அம்மன் கோயில், ஈழத்துலேருந்து அகதியா போனவங்க கட்டுனது, 2002-ல கும்பாபிஷேகம் ஆச்சு. சுத்தி தொழிற்பேட்டை. தீர்த்தத்துக்கு அம்மன் எங்க போறாங்கன்னு நினைக்கறீங்க, சரக்குக் கப்பல் போற கால்வாய்க்கு! அம்மனே முகம் சுளிக்கல, உங்களுக்கென்ன வந்துச்சு? மொரீஷியஸ்காரங்க இன்னும் கெட்டி. எரிமலை வாய்ல கெடந்த ஏரியில 1972-ல கங்கைத் தண்ணிய ஊத்தி அதையே கங்கா தலாவ் ஆக்கிட்டாங்க, சிவராத்திரிக்கு ஜனம் காவடி தூக்கிட்டு நடந்தே போகுது.

ஞாயித்துக்கிழமைக்கு வரேன். பாரிஸ்ல பிள்ளையார் தேரும் ஞாயிறுதான், தெருவுல தேங்கா உடையற சத்தம் கேக்கணுமே! திதி தப்பாம செவ்வாக்கிழமை வெச்சா வடம் பிடிக்க நீங்க லீவு போட்டுட்டு போவீங்களா? 1967-ல சான் பிரான்சிஸ்கோவுல ஹரே கிருஷ்ணாக்காரங்க ஜகன்னாதரை லாரியில ஏத்தித்தான் ரத யாத்திரையே ஆரம்பிச்சாங்க. சாமிக்கு டிரைவர் இருந்தா போதும்.

ஸ்பீக்கர் மேல எனக்கு இருக்கற பகை வாசகர்களுக்குத் தெரியும், ஆனாலும் சிங்கப்பூர் தைப்பூச ஊர்வலத்துல 1973-லேருந்து மேளத்துக்கே தடை போட்டு 2016-லதான் சில இடங்கள்ல விட்டாங்களே, அது எனக்கே ஓவராத்தான் பட்டுச்சு. ஸ்பீக்கர் வேற, தவில் வேற.

லைவ்வுக்கும் நான் எதிரி இல்ல. நடக்க முடியாத பாட்டி கட்டில்லேருந்தே தீபாராதனை பாக்கறாங்க, பாக்கட்டும். எனக்கு எரிச்சல் அந்த ட்ரைபாட்தான். கர்ப்பகிரகத்துக்கு நேர் எதிர்ல மூணு காலையும் பரப்பிக்கிட்டு நிக்குது, பனியில நடந்து வந்தவனுக்கு கேமராக்காரர் முதுகு தரிசனம், வீட்ல போர்வைக்குள்ள இருக்கறவனுக்கு அம்மன் மூக்குத்தி வரைக்கும் க்ளோஸ்-அப். குருக்கள் காலர் மைக்கை ஆஃப் பண்ண மறந்துட்டு "கற்பூரம் எங்கடா"ன்னு கத்தறது நாலு நாட்டுக்குக் கேக்குது, கீழ சாட்ல அதுக்கும் கும்பிடு போடறாங்க. கேமராவ தூணு மேல ஏத்தி மாட்டுங்கய்யா, முடிஞ்சது. ட்ரோன் மட்டும் வேணாம். போன இதழ்ல அதைத் திட்டுனதுக்கு வந்த லெட்டரையே நான் இன்னும் பிரிக்கல.