வேலையைத் தீர்மானித்த பிறகே வகுப்பு: கேள்வி பதில்

படிப்பைப் பாதியில் விட்டவர்களுக்கும் நெடுநாளாக வேலையின்றி இருப்பவர்களுக்கும் சிங்கப்பூரில் பயிற்சி வழிகாட்டுபவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன்.

கேள்வி: எனக்கு 52 வயது. தொடக்கநிலை 4உடன் படிப்பு நின்றுவிட்டது. வேலை பார்த்த உணவுக்கடையையும் மூடிவிட்டார்கள். ஆங்கிலம் பேசினால் புரியும், படிக்க வராது. என்னை எந்த வகுப்பில் சேர்ப்பார்கள்? (ஈசூனில் வசிக்கும் ஓர் அம்மா)

அம்மா, உங்களைப் போன்ற ஊழியர்களுக்காகவே 1983ஆம் ஆண்டில் ‘பெஸ்ட்’ என்னும் அடிப்படைக் கல்வித் திட்டம் இங்கே தொடங்கப்பட்டது. அதன் வழியில் வந்தவைதான் இன்றைய வேலையிட எழுத்தறிவு, எண்ணறிவு வகுப்புகள். கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல், கணக்கு ஆகிய ஐந்தையும் தனித்தனியாகச் சோதித்து, ஒவ்வொன்றிலும் நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று கணிப்பார்கள். ஆகவே, கேட்டுப் புரிந்துகொள்ளும் உங்கள் திறன் வீணாகாது. படிப்பதில் மட்டும் கீழ்நிலையிலிருந்து தொடங்கலாம். பள்ளிப் பாடத்தை மீண்டும் படிக்க வேண்டியிருக்குமோ என்று பலர் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் தேவையில்லை. வேலையிடத்தில் கண்ணில் படும் பாதுகாப்பு அறிவிப்பு, விடுப்புப் படிவம், பொருள் கணக்கு போன்றவற்றை ஒட்டியே இவ்வகுப்புகள் அமைகின்றன. வேறு எந்தச் சான்றிதழ் வகுப்புக்கும் முன்பாக இதில் சேருங்கள் என்று உறுதியாகச் சொல்வேன். ஏனெனில், பாடக் குறிப்பைப் படிக்க முடியாத நிலையில் தொழில் வகுப்பில் அமர்ந்தவர்கள் பாதியில் எழுந்து போவதும், பிறகு பயிற்சி என்றாலே அஞ்சுவதும் அடிக்கடி நடக்கின்றன.

கேள்வி: வயது 46. ஸ்கில்ஸ்ஃபியூச்சர் (அரசாங்கத்தின் திறன் பயிற்சித் திட்டம்) கணக்கில் 4,000 வெள்ளி இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர், தம் பயிற்சி நிறுவனத்தின் வகுப்பில் சேர்ந்தால் எல்லாவற்றையும் தாமே பதிவுசெய்து தருவதாகச் சொல்கிறார். சேரலாமா? (வாகன ஓட்டுநர்)

சேராதீர்கள், அரசாங்கச் சேவைகளில் நுழைவதற்கான உங்கள் மின்னடையாளமான சிங்பாஸ் விவரத்தையும் கொடுக்காதீர்கள். 2017ஆம் ஆண்டில் ஒரு மோசடிக் கும்பல் பொய்யான பயிற்சிக் கோரிக்கைகளைக் காட்டி, ஸ்கில்ஸ்ஃபியூச்சர் நிதியிலிருந்து ஏறத்தாழ 4 கோடி வெள்ளியைச் சுருட்டியதை மறந்துவிடக்கூடாது.

40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களுக்கு 2024 மே மாதம் வழங்கப்பட்ட இந்த 4,000 வெள்ளியை, வேலைவாய்ப்பைக் கூட்டும் எனத் தெரிவுசெய்யப்பட்ட வகுப்புகளுக்கு மட்டுமே செலவிட முடியும். உங்கள் வயதினருக்குப் பல வகுப்புகளில் கட்டணத்தில் 90 விழுக்காடு வரை மானியம் கிடைப்பதால், எஞ்சும் சிறு தொகைக்கே இந்தப் பணம் தேவைப்படும். எனவே அவசரம் வேண்டாம். முதலில் நீங்கள் செய்ய விரும்பும் வேலைக்கான விளம்பரங்களை ‘மைகரியர்ஸ்ஃபியூச்சர்’ என்னும் அரசாங்க வேலைவாய்ப்பு இணையத்தளத்தில் பாருங்கள். அவற்றில் திரும்பத் திரும்ப எந்தத் தகுதியைக் கேட்கிறார்களோ, அதற்குரிய வகுப்பைத் தேடுங்கள். வகுப்பை முதலில் முடித்துவிட்டு வேலையைத் தேடியதால், கோப்பு நிறையச் சான்றிதழ்களோடு வீட்டில் இருப்பவர்களைக் காணும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: சென்ற மாதம் ஆட்குறைப்பில் வேலை போனது. படிக்கும் காலத்தில் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது? (தொழிற்சாலை ஊழியர்)

2025 ஏப்ரலில் தொடங்கிய வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். தம் விருப்பமின்றி வேலை இழந்த, சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேற்படாத குடிமக்களுக்கு, ஆறு மாதங்களில் மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். முதல் மாதத்தில் 1,500 வெள்ளி வரை கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். வேலைக்கு விண்ணப்பிப்பது, ஆலோசகரைச் சந்திப்பது, வகுப்புக்குச் செல்வது ஆகியவற்றைச் செய்தால்தான் அந்தந்த மாதத் தொகை வரும். இந்த நிபந்தனையை நான் வரவேற்கிறேன். மனம் சோர்ந்திருக்கும் நாள்களில் வீட்டை விட்டு வெளியே வர அது ஒரு காரணத்தைத் தருகிறது.

கேள்வி: பாதுகாவல் அதிகாரி வேலைக்குப் படிப்பு வேண்டாம் என்கிறார்களே?

அப்படியில்லை. அடிப்படைப் பயிற்சியில் தேறிக் காவல்துறை உரிமம் பெற்ற பிறகே அந்த வேலையில் அமர முடியும். நடந்த சம்பவத்தை ஆங்கிலத்தில் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: படுக்கையில் இருந்த மாமியாரைப் பல ஆண்டுகள் கவனித்துக்கொண்டேன். நேர்முகத்தில் “இத்தனை காலம் என்ன செய்தீர்கள்?” என்று கேட்டால் வாயடைத்துப் போகிறேன். (உட்லண்ட்சிலிருந்து ஒரு சகோதரி)

“சும்மா வீட்டில் இருந்தேன்” என்று மட்டும் சொல்லாதீர்கள், சகோதரி. வேளை தவறாமல் மருந்து கொடுத்தீர்கள். மருத்துவமனைச் சந்திப்புகளை நினைவில் வைத்தீர்கள். நோயாளியைப் பாதுகாப்பாகத் தூக்கி அமர்த்தினீர்கள். இவை முதியோர் பராமரிப்பு நிலையங்கள் சம்பளம் கொடுத்துத் தேடும் திறன்கள். “குடும்பத்தில் ஒருவரைப் பராமரித்தேன், இப்போது அந்தப் பொறுப்பு முடிந்துவிட்டது, முழுநேரம் வேலை செய்ய முடியும்” என மூன்று வாக்கியங்களில் சொல்லி நிறுத்துங்கள். எந்த வேலை நேரத்துக்கு வர முடியும் என்பதையும் முன்கூட்டியே வீட்டாரோடு பேசி முடிவுசெய்யுங்கள்; நேர்முகத்தில் தோற்பவர்களில் பலர் தடுமாறுவது அந்தக் கேள்வியில்தான்.

இதைத் தனியாகக் கண்ணாடி முன் பழகுவதைவிட, ஆலோசகர் ஒருவர் முன்னிலையில் சொல்லிப் பாருங்கள். ஜூரோங் ஈஸ்ட்டில் தேவன் நாயர் நிலையத்திலுள்ள ‘இ2ஐ’ என்னும் வேலைவாய்ப்பு உதவி நிலையத்தில் அந்த உதவி கிடைக்கும். தமிழில் மனம்விட்டுப் பேச விரும்பினால், பீட்டி சாலையிலுள்ள சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவை முதலில் அணுகுங்கள். அடையாள அட்டையையும், இதுவரை பார்த்த வேலைகளை ஆண்டுவாரியாக எழுதிய ஒரு தாளையும் கொண்டு செல்லுங்கள். எழுத வராவிட்டால் பிள்ளைகளை எழுதித் தரச் சொல்லலாம்.