சொலிசிட்டரே உயில் நிறைவேற்றுநராக இருந்து தாமதித்தால்: கேள்வி பதில்

கீழே உள்ள பதில்கள் இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டுமே பொருந்தும். ஸ்காட்லாந்தின் சட்டம் வேறு.

கேள்வி: எங்கள் தந்தை காலமாகி 9 மாதங்கள் ஆகின்றன. உயிலில் அவர் நிறைவேற்றுநராக நியமித்த சொலிசிட்டருக்கு (வழக்கறிஞருக்கு) 4 மாதங்களுக்கு முன்பே புரோபேட், அதாவது உயிலை நிறைவேற்ற அதிகாரம் தரும் ஆவணம், கிடைத்துவிட்டது. வங்கிப் பணமும் வந்துவிட்டது. ஆனாலும் பங்கைத் தர மறுக்கிறார். இது முறையா?

உங்களுக்கு இது கசப்பாக இருக்கலாம்; ஆயினும் முறைதான். 1925ஆம் ஆண்டின் சொத்து நிர்வாகச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்படி, இறந்த நாளிலிருந்து ஓராண்டு முடியும் முன் சொத்தைப் பங்கிடும்படி எந்த நிறைவேற்றுநரையும் கட்டாயப்படுத்த முடியாது. அத்துடன், உயிலில் தமக்குப் போதிய ஏற்பாடு இல்லை என்று கருதும் துணைவரோ பிள்ளைகளோ இறந்தவரை நம்பி வாழ்ந்தவர்களோ 1975ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர, புரோபேட் வழங்கப்பட்ட நாளிலிருந்து 6 மாத கால அவகாசம் உண்டு. அதற்குள் பணத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, பின்னர் அத்தகைய வழக்கு வெற்றி பெற்றால், நிறைவேற்றுநர் தம் சொந்தப் பணத்திலிருந்து ஈடுசெய்ய நேரலாம் என்பதால், எச்சரிக்கையான சொலிசிட்டர் எவரும் காத்திருக்கவே செய்வார். வழக்குத் தொடரக்கூடியவர் யாரும் இல்லை, கடன்களுக்கும் வரிக்கும் போக மிச்சம் தாராளமாக இருக்கிறது என்றால், இடைக்காலமாக ஒரு பகுதியைத் தரும்படி கேட்டுப் பாருங்கள். அதை அவர் தந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

கேள்வி: எங்களுக்கு இரண்டரை ஆண்டுகள் கடந்துவிட்டன. தொலைபேசியில் கேட்டால் "நடந்துகொண்டிருக்கிறது" என்பதே எப்போதும் பதில். அடுத்து என்ன செய்வது?

தொலைபேசியை விட்டுவிட்டு எழுத்தில் கேளுங்கள். நீங்கள் பயனாளிதான், அவருடைய கட்சிக்காரர் அல்ல. உங்கள் அழைப்புகளுக்குச் செலவாகும் நேரத்துக்கான கட்டணம்கூடப் பெரும்பாலும் அந்தச் சொத்திலிருந்தே, அதாவது உங்கள் பங்கிலிருந்தே, எடுக்கப்படும். அதோடு, "எப்போது முடியும்?" என்ற கேள்விக்கு மழுப்பலான பதில் சொல்வது எளிது. எந்தச் சொத்து இன்னும் கைக்கு வரவில்லை, எந்தக் கடன் நிற்கிறது, வாரிசுரிமை வரிக் கணக்கை வரித்துறை ஏற்றுவிட்டதா, வீட்டு விற்பனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது, இதுவரை எடுத்த கட்டணம் எவ்வளவு என்று தனித்தனியாகக் கேட்டால் மழுப்ப இடமிருக்காது. வரியைப் பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். இறந்த மாதத்துக்குப் பின் வரும் 6ஆம் மாத இறுதிக்குள் கட்டப்படாத வாரிசுரிமை வரிக்கு வட்டி ஏறத் தொடங்கும். அவருடைய கவனக்குறைவால் அந்த வட்டி ஏறியிருந்தால், அதை ஏன் சொத்து சுமக்க வேண்டும் என்று கேட்க உங்களுக்கு இடமுண்டு.

திருப்தியான பதில் வராவிட்டால், அந்த நிறுவனத்தில் புகார்களைக் கவனிப்பவருக்குக் கடிதம் அனுப்புங்கள். "இது முறைப்படியான புகார்" என்ற சொற்கள் அதில் இருக்கட்டும். 8 வாரங்களில் தீர்வு கிடைக்காவிட்டால் வழக்கறிஞர்களின் சேவை பற்றிய புகார்களை விசாரிக்கும் லீகல் ஒம்பட்ஸ்மனிடம் செல்லலாம். கட்சிக்காரராக இல்லாவிட்டாலும், சொலிசிட்டர் நிறைவேற்றுநராகச் செயல்படும் சொத்தின் பயனாளிகள் அங்கே புகார் செய்ய முடியும். இது பலருக்குத் தெரிவதில்லை. நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்த 6 மாதங்களுக்குள் போக வேண்டும். பொதுவாக, குறை நடந்தோ தெரியவந்தோ ஓராண்டுக்குள்ளும் இருக்க வேண்டும். ஆகவே பொறுமை காட்டுகிறோம் என்று நாட்களைக் கடத்த வேண்டாம். கட்டணத்தைக் குறைக்கவும் இழப்பீடு தரவும் ஒம்பட்ஸ்மன் உத்தரவிடலாம். சொலிசிட்டர்களின் ஒழுங்குமுறை ஆணையமான எஸ்ஆர்ஏ, பணக் கையாடல், நேர்மையின்மை போன்ற நடத்தைக் குற்றங்களுக்கு உரிய இடம். வெறும் மந்தத்துக்காக அங்கே போவதில் பயனில்லை.

கேள்வி: கேவியட் போட்டால் அவர் வழிக்கு வருவார் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.

போடாதீர்கள். கேவியட் புரோபேட் வழங்குவதையே 6 மாதங்களுக்குத் தடுத்து நிறுத்தும். உயிலின் செல்லுபடியில் ஐயம் உள்ளவருக்கான கருவி அது. தாமதத்தைக் குறை சொல்பவர் அதைக் கையில் எடுத்தால் தாமதத்தை இரட்டிப்பாக்குவார்.

கேள்வி: அவரை நீக்கிவிட்டு எங்களில் ஒருவரை நியமிக்க முடியுமா?

அவர் இன்னும் புரோபேட் வாங்காமலும் சொத்தில் கை வைக்காமலும் இருந்தால், பயனாளிகள் அனைவரும் கையெழுத்திட்டு, பொறுப்பைத் துறக்கும்படி பணிவாகக் கேளுங்கள். சிறிய சொத்து என்றால் பல நிறுவனங்கள் இணங்கிவிடும். புரோபேட் வாங்கிவிட்டார் என்றால், 1985ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டத்தின் 50ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தை நாட வேண்டியிருக்கும். பயனாளிகளின் நலனே அளவுகோல் என்பதும், மனக்கசப்பு மட்டுமே நீக்கத்துக்குப் போதிய காரணமாகாது என்பதும் 1884இல் பிரிவி கவுன்சில் லெட்டர்ஸ்டெட் வழக்கில் சொன்னவை. இன்றும் அவற்றையே நீதிமன்றம் பார்க்கிறது. தோற்றால் இரு தரப்புச் செலவும் உங்கள் தலையில் விழலாம். நீக்கும்படி கேட்பதற்கு முன், மேலே சொன்ன 1925ஆம் ஆண்டின் சொத்து நிர்வாகச் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி சொத்துப் பட்டியலையும் கணக்கையும் சமர்ப்பிக்க உத்தரவிடும்படி நீதிமன்றத்தைக் கேட்கலாம். செலவும் குறைவு, அப்படிக் கேட்கப் போகிறோம் என்று எழுதிய கடிதமே சில நேரங்களில் கோப்பைத் திறக்க வைத்துவிடும்.

கேள்வி: என் மகனுக்குப் பாட்டி 10,000 பவுன் எழுதி வைத்தார். தாமதத்துக்கு வட்டி உண்டா?

உயில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால், இப்படிக் குறிப்பிட்ட தொகையாக எழுதப்பட்ட பணத்துக்கு, இறந்து ஓராண்டு முடிந்தபின் பொதுவாக வட்டி சேரும். அது எஞ்சிய சொத்திலிருந்து போவதால், எஞ்சியதைப் பங்கிட்டுக்கொள்பவர்களுக்கு அத்தகைய வட்டி இல்லை. அவர்கள் பங்குதான் அந்த அளவுக்குக் குறையும்.