18 லட்ச எம்.பி.ஏ.வா, நூலக நிர்வாகமா?

பெங்களூரு அல்சூரிலிருந்து ஓர் அம்மா, பி.காம். கடைசி வருடம் படிக்கும் மகளோடு வந்திருந்தார். மகளுக்கு நூலகவியல் படிக்க ஆசை. தாய்மாமனோ தனியார் கல்லூரி ஒன்றில் எம்.பி.ஏ. சீட் பேசி வைத்துவிட்டார். 18 லட்சம், லோன் போட்டுக்கொள்ளலாம் என்கிறார். “லைப்ரரி வேலைன்னா நாளைக்கு யார் சார் பொண்ணு கேட்டு வருவாங்க?” என்றார் அம்மா. கவலைப்படாதீர்கள் என்று சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை.

அம்மா, முதலில் கணக்கைப் பாருங்கள். 18 லட்சத்தை 10 சதவீத வட்டியில் 10 வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை ஏறக்குறைய 23,800 ரூபாய். கட்டி முடிக்கும்போது 28 லட்சம் தாண்டியிருக்கும். படிக்கிற காலத்து வட்டி தனி. தவணை கட்டப்போவது உங்கள் அண்ணன் இல்லை, உங்கள் மகள். அவளுக்கு விருப்பமில்லாத படிப்புக்கு இந்தக் கடன் வேண்டாம் என்பதில் எனக்கு இரண்டு பேச்சு கிடையாது.

சி.ஏ., வங்கித் தேர்வு பற்றி நான் பேசப்போவதில்லை. அதையெல்லாம் சொல்ல உங்கள் சொந்தத்திலேயே ஆள் இருக்கிறது.

உங்கள் மகள் பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். அபார்ட்மென்டில் பிள்ளைகளுக்காக ஒரு புத்தக அறை நடத்துகிறாளாம். அலமாரி கேட்டதற்கு அசோசியேஷன் கமிட்டி மறுத்துவிட்டது. மூன்று மாதம் எந்தப் பிள்ளை எந்தப் புத்தகம் எடுத்தது என்று எழுதி, கூட்டத்துக்கு முன்பே தலைவரிடம் கொடுத்திருக்கிறாள். அடுத்த கூட்டத்தில் இரண்டு அலமாரி கிடைத்தது. நூலக இயக்குநரின் வேலையில் பாதி இதுதான்!

நூலகர் என்றதும் புத்தகத்தில் முத்திரை குத்துகிறவரைத்தான் நினைக்கிறோம். பெரிய நூலகத்துக்குத் தலைமை ஏற்பவர் தனக்கு மேலே உள்ள குழுவோடு வேலை செய்ய வேண்டும். டெல்லி பொது நூலகத்துக்கு டெல்லி நூலக வாரியம் இருக்கிறது. கர்நாடகத்தில் 1965ஆம் ஆண்டுச் சட்டப்படி நகர நூலக ஆணையங்கள். பல்கலைக்கழகத்தில் நூலகக் குழு, தனியார் நூலகத்தில் அறங்காவலர்கள்.

கொள்கை, பட்ஜெட், போகவேண்டிய திசை ஆகியவை குழுவின் பொறுப்பு. யாருக்கு எந்த ஷிஃப்ட், எந்தப் புத்தகம் எந்த அலமாரியில் என்பது இயக்குநரின் பொறுப்பு. இந்தக் கோடு அழிந்தால் தினமும் சண்டைதான். ஓர் உறுப்பினர் போன் செய்து “நம்ம பையன் பதிப்பகத்துப் புத்தகம் கொஞ்சம் வாங்கிடுங்க” என்பார். முகத்தை முறித்துக்கொள்ளவும் கூடாது, வாங்கவும் கூடாது. குழுவே ஒப்புக்கொண்ட கொள்முதல் விதி எழுத்தில் இருந்தால், “நீங்க போட்ட விதிதான் சார், விண்ணப்பம் அனுப்பச் சொல்லுங்க” என்று சொல்லிவிடலாம். தனி உறுப்பினர் சொல்வது உத்தரவு ஆகாது. கூட்டத்தில் நிறைவேறியதுதான் உத்தரவு.

கூட்டத் தாள்கள் ஒரு வாரம் முன்பே போய்ச் சேர வேண்டும். கூரை ஒழுகுகிறது, தணிக்கையில் ஆட்சேபம் வந்திருக்கிறது போன்ற கெட்ட செய்தி எதையும் தலைவர் முதன்முதலாகக் கூட்டத்தில் கேட்கக் கூடாது. புதிதாக வரும் உறுப்பினரை நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன் வாசிப்பறையைச் சுற்றிக் காட்ட வேண்டும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகளை நேரில் பார்த்தவர், நூலக நேரத்தைக் குறைக்கச் சொல்ல யோசிப்பார்.

அப்புறம் பணம். கர்நாடகத்தில் சொத்து வரியோடு 6 சதவீதம் நூலக வரி வசூலாகிறது. வசூலான தொகை தானாக நூலகத்துக்கு வந்துவிடாது. கடிதம் எழுதி, புள்ளிவிவரம் காட்டி, குழுவையும் கூடச் சேர்த்துக்கொண்டு கேட்டு வாங்க வேண்டும். பி.காம். படித்த பெண்ணுக்கு இது கைவந்த வேலை.

இதற்கான படிப்பு உங்கள் ஊரிலேயே இருக்கிறது. சீர்காழியில் பிறந்து, சென்னையில் கணக்கு ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானவர் எஸ்.ஆர். ரங்கநாதன். அவர் 1962இல் இங்கே தொடங்கிய டி.ஆர்.டி.சி. என்ற ஆவணவியல் ஆராய்ச்சி, பயிற்சி மையம் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் கீழ் மைசூர் சாலையில் இயங்குகிறது. அங்கே நூலக, தகவல் அறிவியலில் இரண்டு வருட எம்.எஸ். படிக்கலாம். எந்தப் பட்டப்படிப்பு முடித்தவரும் எழுதலாம். நுழைவுத் தேர்வும் நேர்காணலும் உண்டு. கல்விக் கட்டணம் கிடையாது, உதவித்தொகையும் தருகிறார்கள். இடங்கள் குறைவு, ஆகவே பல்கலைக்கழகங்களின் நூலகவியல் படிப்புக்கும் சேர்த்து விண்ணப்பிக்கட்டும்.

முதுநிலை முடித்து, யு.ஜி.சி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேறினால், கல்லூரி, பல்கலைக்கழகங்களில் உதவி நூலகர் பணிக்கு முயலலாம். உதவிப் பேராசிரியருக்கு உள்ள அதே ஊதிய நிலைதான், தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700 ரூபாய். உங்கள் அண்ணனிடம் இதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்க மாட்டேன். அரசுப் பொது நூலகப் பணியிடங்கள் எப்போதாவதுதான் அறிவிப்புக்கு வரும். கர்நாடக அரசு வேலை என்றால் கன்னடம் எழுதப் படிக்கத் தெரிந்தாக வேண்டும். பேச வந்தால் மட்டும் போதாது. படித்த மறுநாளே யாரும் இயக்குநர் நாற்காலியில் உட்கார வைக்கவும் மாட்டார்கள். கூட்டங்களில் குறிப்பெடுக்கும் இளநிலை ஆளாகச் சில வருடம் போகும்.

இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் தேர்வு வழக்கமாக மே மாதம் வரும். சென்ற ஆண்டுகளின் மாதிரி வினாக்களை அவர்கள் இணையதளத்திலிருந்து எடுத்து இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு தாளை அவள் எழுதிப் பார்க்கட்டும். அதுவரை எம்.பி.ஏ. சீட்டுக்கு முன்பணம் என்று ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.